கிளெமென்ற் புத்தகப்படி பூட்டிய அச்சு

ஒரு தமிழனை உள்ளே போட அந்த நாட்களில் ஒரு சொல் போதும். கிளெமென்றை உள்ளே போட்ட சொல் "நாசவேலை". அதை எழுதியது பொலிஸ்காரன் அல்ல, ஆமிக்காரனும் அல்ல. இன்னொரு தமிழர். வெள்ளவத்தையில் சொந்த வீடு, நெற்றியில் மூன்று குறி, சட்டைப்பையில் இரண்டு பேனை. பெயர் ஸ்ரீஸ்கந்தராசா.

கிளெமென்ற் கொட்டாஞ்சேனைக்காரன். ஞானஸ்நானம் பெற்றவன், பூசைக்குப் போகாதவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு கராஜுக்குள் நுழைந்தான். லொறியோ பஸ்ஸோ காரோ, பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புருண்டை தொங்கும், பார்த்திருப்பீர்கள். டிஃபரன்ஷல் என்பார்கள். எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியைத் திருப்பிப் பின்சில்லுகளுக்குக் கொடுப்பது அதுதான். அவனுடைய வேலை முழுக்க அதற்குள்.

உள்ளே இரண்டு பற்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரவுண். இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுச் சோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே இலக்கத்தைப் பொறித்துத்தான் அனுப்புவார்கள். ஒன்றின் பல் மற்றதன் பல்லில் எங்கே படுகிறது, நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெருக்கிப் பூட்டினால் சூடேறி அரைக்கும். தள்ளிப் பூட்டினால் அடித்துக்கொள்ளும். இடைவெளி என்றால் விரல் நுழைகிற இடைவெளி அல்ல. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு, ஆறு பங்கு. ஒரு பங்கை "தவ்" என்பது கராஜ் பேச்சு. தாள் போன்ற இரும்பு வளையங்களை ஒன்று வைத்து, ஒன்று எடுத்து அந்தத் தவ்வைக் கொண்டுவர வேண்டும். பல்லில் சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசி, கையால் சுற்றி, எந்த இடத்தில் சிவப்பு அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அழிந்த தடத்தைப் பார்த்து, "இந்த வண்டிக்காரன் ஏத்தத்தில மூணாம் கியரப் போட்டு மிதிக்கிறவன்" என்று கிளெமென்ற் சொல்வான். சரியாகவே இருக்கும்.

கொலன்னாவையில் பவுசர்கள் எனப்படும் எண்ணெய்த் தாங்கி லொறிகளை ஓட்டிய ஒரு கம்பனியின் வேலைத்தளத்தில் அவன் ஃபிற்றர். நான் அங்கே சங்கத்தின் கிளைச் செயலாளர். ஸ்ரீஸ்கந்தராசா வேலைத்தள மேலதிகாரி. கம்பனி இப்போது இல்லை, பெயர் வேண்டாம்.

1991 தொடக்கம். உதிரிப்பாகம் வராத காலம். ஒரு பவுசரில் பினியன் போய்விட்டது. இன்னொரு பவுசரில் கிரவுண் போய்விட்டது. ஸ்ரீஸ்கந்தராசா கணக்குப் பார்த்தார்: இரண்டு கெட்ட வண்டியிலிருந்து ஒரு நல்ல வண்டி. மிச்சம் இருந்த கிரவுணையும் மிச்சம் இருந்த பினியனையும் ஒன்றாகப் பூட்டச் சொன்னார்.

"சேர், இது வேற வேற சோடி. இலக்கத்தப் பாருங்க. ஏத்தத்தில பல்லு சிதறிரும்" என்றான் கிளெமென்ற்.

"இரும்பு இரும்புதானே. நீர் பூட்டும்."

"அப்ப எழுதித் தாங்க சேர்."

"எழுதித் தாறதுக்கு நான் என்ன, உம்மட கிளார்க்கோ?"

கிளெமென்ற் பூட்டினான். அவன் செய்த ஒரே பிழை அதுதான். வாய்மொழி உத்தரவை ஏற்காதே என்று நான் பத்து வருடமாகத் துண்டுப்பிரசுரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவனும் வாங்கி வாசித்தவன். ஆனாலும் மேலதிகாரி முறைத்தால் ஸ்பானரைக் கையில் எடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு எலும்பில் ஊறியது.

மூன்றாம் வாரம், டீசல் நிரப்பிக் கண்டிக்குப் போன பவுசர் ஏற்றத்தின் நடுவில் பல் சிதறி, பின்னுக்கு உருண்டு, கல்லில் மோதிச் சரிந்தது. தீப்பிடிக்கவில்லை. சாரதி நிலாமின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. கொழும்பில் வெட்டி எடுத்தார்கள்.

கம்பனி விளக்கம் கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா விளக்கம் எழுதினார். ஃபிற்றர் புத்தகத்தில் உள்ள முறையைக் கைவிட்டு வேண்டுமென்றே பிழையாகப் பூட்டியிருக்கிறார், அரசாங்கத்துக்குப் போன எரிபொருள் என்பதால் இது நாசவேலையாக இருக்கலாம் என்று. "இருக்கலாம்" என்று போட்டது அவருடைய பாதுகாப்புக்கு. வாசித்தவர்களுக்கு "இருக்கலாம்" கண்ணில் படவில்லை. தமிழ்ப் பெயர் பட்டது, எண்ணெய் பட்டது, நாசவேலை பட்டது. அடுத்த நாள் ஜீப் வந்தது.

பதினான்கு மாதம். வழக்கு இல்லை, குற்றப்பத்திரம் இல்லை. சங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நான் ஒரு பிரசுரம் எழுதினேன். மேலிடம், "இது பாதுகாப்பு விசயம், தொழில் விசயமில்லை" என்றது. பிரசுரம் அச்சுக்குப் போகவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வெளியே வந்தபோது அவனுடைய இரண்டு கை விரல்நுனிகளும் உணர்ச்சி இழந்திருந்தன. உள்ளே என்ன செய்தார்கள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வளையத்தின் பிசிறைத் தடவிப் பார்க்க விரல் உதவாது. அதனால் கீழ் உதட்டில் வைத்துப் பார்க்கப் பழகினான். இரும்பு வளையத்தை உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். தெரியாதவன் பார்த்தால் முத்தமிடுகிறான் என்று நினைப்பான்.

கொட்டாஞ்சேனையில் மஷூர் என்பவருடைய கராஜில் வேலை கிடைத்தது. நல்ல மனுசன், வாய்தான் நீளம். ஆனால் கிளெமென்றின் பெயர் பொலிஸின் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டது. கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் சுற்றிவளைப்பில் முதலில் தட்டுகிற கதவு அவனுடையது. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தபோது மூன்று கிழமை வைத்திருந்தார்கள். ஐந்து வருடத்தில் ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே தாளை மேசையில் வைத்து அதே கேள்வி: "கொலன்னாவையில் நாசவேலை செய்தவன் நீதானே?" அந்தத் தாள் பொய் என்று ஆக வேண்டும். அவனுக்கு வேண்டியது அதுதான். ஆக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

1997 யூனில் அந்த ஒருவர் தன் மொறிஸ் மைனரைத் தானே ஓட்டிக்கொண்டு மஷூரின் கராஜுக்குள் வந்தார்.

ஓய்வு பெற்றுவிட்டார். பின் அச்சில் எண்ணெய் ஒழுகுகிறது, பெயரிங் கிறீச்சிடுகிறது. கொழும்பில் இதற்கு ஓர் ஆள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. காருக்கு அடியிலிருந்து கிளெமென்ற் வெளியே வந்தபோது அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஓ. நீரா."

"நான்தான் சேர்."

"வெளியால விட்டிட்டாங்களோ?"

"அஞ்சு வருசமாச்சு சேர்."

"நல்லது. நல்லது." காய்ச்சல் சுகமான ஆளிடம் சொல்வது போலச் சொன்னார்.

மஷூருக்குப் பழைய கதை எல்லாம் தெரியும். தெரியாதது போல நின்றார். "சேர், டிஃபரன்ஷலுக்கு இவன விட்டா ஆள் இல்ல. வேற எடத்துக்குப் போறதுண்டா போங்க. ஆனா சுத்திக்கிட்டு இங்கதான் வருவீங்க."

கிளெமென்ற் அச்சுக்குக் கீழே படுத்து, தண்டைத் திருப்பிப் பார்த்து, அளவுமானியை வைத்து அளந்தான். "பன்னெண்டு தவ் இருக்கு சேர். முப்பது வருசம் ஓடித் தேஞ்ச பல்லு. புதுப் பெயரிங் போட்டாலும் திரும்ப அந்தப் பன்னெண்டிலதான் வைக்கோணும். இல்லாட்டிச் சத்தம் போடும்."

ஸ்ரீஸ்கந்தராசா முன்னிருக்கையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பிறவுண் தாளில் உறை போட்டது. காரின் திருத்தப் புத்தகம். பக்கத்தை விரலால் தட்டினார்.

"இஞ்ச பாரும். ஆறு எண்டு போட்டுக் கிடக்கு. இங்கிலிஷ்காரன் விசரனோ? உம்மட கண்மட்டத்தில வேலை செய்து ஒருக்கால் என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். எனக்குப் புத்தகப்படி வேணும்."

மஷூர் பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பேச்சுக்கு நானெண்டா ஜெக்கியால மண்டையப் பொளந்திருப்பன். இவன் சிரிச்சான்."

கிளெமென்ற் சிரித்துக்கொண்டே கேட்டான். "ஆறிலயே வைக்கட்டா சேர்?"

"ஆறு."

"அப்ப எழுதித் தாங்க."

இந்த முறை எழுதினார். சம்பளம் கொடுக்கிற கம்பனி இல்லை, கேள்வி கேட்கிற பணிப்பாளர் இல்லை. தன் காருக்குத் தான் எழுதுவதில் அவருக்கு என்ன பயம்? புத்தகத்தின் பக்க இலக்கத்தைப் போட்டு, ஆறு தவ் என்று போட்டு, ஃபிற்றரின் சொந்த அபிப்பிராயத்தை ஏற்கவில்லை என்று ஒரு வரியையும் சேர்த்து, கையெழுத்து, திகதி. மஷூர் அதன் மேல் கராஜ் முத்திரையைக் குத்தினார்.

கிளெமென்ற் எச்சரித்தது ஒரே ஒரு முறை. வேறு ஆளுடைய காராக இருந்தால் மூன்று முறை சொல்லியிருப்பான், கெஞ்சியிருப்பான், காரைத் திருப்பி அனுப்பியும் இருப்பான்.

அன்று பின்னேரம் ஜம்பட்டா வீதியில் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பிடித்தான்.

"தோழர், ஆள் வந்திச்சு."

முழுவதும் கேட்டேன். எனக்கு இரத்தம் கொதித்தது. "பிரேக் லைனில ஒரு சின்ன வெட்டு விடு. காலி வீதியில போய் விழட்டும்" என்றேன். நாற்பது வருடம் அகிம்சை ஊர்வலம் நடத்திய வாய் அது.

"சீ, அது கள்ள வேலை. றோட்டில போற வேற ஆளுக்கும் அடிபடும். நான் அவர் கேட்டதத்தான் செய்யப்போறன். ஆறு எண்டா ஆறு. அஞ்சே முக்காலும் இல்ல, ஆறே காலும் இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் துறைமுகத்திலும் பஸ் டிப்போவிலும் நடத்திய போராட்டம் இது. சட்டப்படி வேலை. நிர்வாகம் எழுதிவைத்த விதி எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடி, மத்தியானத்துக்குள் எல்லாம் நின்றுவிடும். ஒருவரும் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. கிளெமென்ற் அதை ஓர் அச்சுக்குள் கொண்டுபோய்விட்டான்.

"உடையாதோ?"

"உடையாது. ஊளையிடும். தேஞ்ச பல்லு தேஞ்ச இடத்திலதான் சும்மா இருக்கும். நெருக்கினா புது இடத்தில படும். அந்த ஓரத்தில ஏறி இறங்கேக்க கத்தும். காது கிழியும், வேற ஒண்டும் நடக்காது."

"சரி, கத்தட்டும். அதால உனக்கென்ன?"

"அவர் எழுதுவார் தோழர். அந்தாளுக்கு எங்கயாவது நொந்தா கை பேனைக்குத்தான் போகும். பொலிசுக்கு எழுதுவார். அதே சொல்லத்தான் எழுதுவார். போன முறை என்னிட்ட ஒரு துண்டும் இருக்கல்ல. இந்த முறை அவர்ட கையெழுத்து இருக்கு."

"மடையா, எழுதினா உன்னத் திரும்பப் போடுவாங்கள். இந்த முறை வருசக் கணக்கில."

"எழுதாட்டியும் போடுறாங்கதானே." தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "இத நீங்க கவனமா வச்சிருங்க" என்று அந்தத் தாளை என் சட்டைப்பைக்குள் வைத்தான். என்னை நம்பியா, நான் கடன்பட்டவன் என்று தெரிந்தா என்று நான் கேட்கவில்லை.

ஆறிலேயே பூட்டிக் கார் போனது. மணிக்கு இருபத்தெட்டு மைல் வரை வாய் திறக்காது. இருபத்தெட்டில் ஒரு முனகல். முப்பதில் முழு ஊளை. முப்பத்தைந்தில் பக்கத்து பஸ்ஸில் தூங்குகிறவன் எழும்பிப் பார்ப்பான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அந்தக் காருக்கு ஒரு கிழமைக்குள் "நரி" என்று பெயர். ஐயா கோயிலுக்கு வருகிறார் என்பது அவர் காலி வீதியில் திரும்பும்போதே ஐயருக்குத் தெரிந்துவிடும். சோதனைச் சாவடியில் முன்பெல்லாம் வயதைப் பார்த்துக் கைகாட்டி அனுப்புவார்கள். இப்போது சத்தத்தைக் கேட்டே சிப்பாய்கள் ஓடிவந்தார்கள். "சீயா, கார் எக அண்டனவா!" தாத்தா, கார் அழுகிறது என்று சிரித்துக்கொண்டே இறக்கி, டிக்கியைத் திறந்து, பின்னிருக்கையைக் கழற்றி, வெயிலில் நிறுத்தினார்கள். அவரை அப்படி ஒருவரும் நிறுத்தியதில்லை.

வேறு இரண்டு கராஜுக்குக் கொண்டுபோனார். அளந்து பார்த்தார்கள். "ஆறு இருக்கு சேர். புத்தகப்படி சரி. நாங்க என்ன செய்யிற?"

பன்னிரண்டாம் நாள் மஷூரின் கராஜுக்கு ஊளையிட்டுக்கொண்டு வந்தார். கல்கிசையில் யாரோ வீட்டுச் சடங்குக்குப் போனபோது வாசலில் நின்ற சனம் எல்லாம் காதைப் பொத்தியதாம்.

"வேணுமெண்டு செய்திருக்கிறீர்! நீர் திருந்தமாட்டீர்!"

"நீங்க எழுதினத செஞ்சன் சேர்."

"எனக்குப் படிப்பிக்க வாறீரோ? உம்மை எங்க வைக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும்."

"தெரியும்தான் சேர். நீங்கதானே வச்சீங்க."

அவருடைய முகம் கறுத்தது. காரை எடுத்தார். கராஜில் நின்ற எல்லாரும், மஷூர் உட்பட, வாயைக் குவித்து நரி மாதிரி ஊளையிட்டு வழியனுப்பினார்கள். மஷூர் இதைச் சொல்லும்போதெல்லாம் திரும்பவும் ஊளையிட்டுக் காட்டுவார்.

கிளெமென்ற் கணக்குப் போட்டது பிசகவில்லை. அன்றே வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. ஆங்கிலத்தில், நான்கு பந்தி. மூன்றாவது பந்தி பழைய கதை: இதே ஆள் 1991இல் எரிபொருள் பவுசரில் நாசவேலை செய்தவர், இப்போது என் உயிருக்கும் குறிவைத்திருக்கிறார். இந்த முறை "இருக்கலாம்" கூட இல்லை.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. கிளெமென்ற் ஒரு வானுக்குக் கீழே கிடந்தான். "கையக் கழுவிட்டு வாறன்" என்றான். மண்ணெண்ணெயால் கழுவி, பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, ஏறினான்.

மஷூர் எனக்கு ஆள் அனுப்பினார். ஏறி அடித்துப் பேசுவதற்கு எனக்கு ஒரு மேடையும் இல்லை, சங்கமும் இல்லை. சட்டைப்பையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. நேரே பொலிசுக்குப் போகவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து மட்டக்குளிக்குப் போனேன். நிலாம் அங்கே வீட்டு வாசலில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தான். ஊன்றுகோலோடு ஏற்றினேன்.

"பினியன் மாத்திப் பூட்டின அண்டைக்கு நீ அங்க நிண்டனிதானே?" என்று வழியில் கேட்டேன்.

"நிண்டன். சேர் ஏசினதும் கேட்டன். கிளெமென்ற் எழுதித் தாங்கண்டு கேட்டதும் கேட்டன்."

"ஏன்டா இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"என்னிட்ட ஒருத்தரும் கேக்கல்லையே. நீங்களும் கேக்கல்ல."

வண்டிக்காரனிடம் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

நிலையப் பொறுப்பதிகாரி நல்லவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்ரீஸ்கந்தராசா அவருடைய ஆங்கிலத்தை இரண்டு இடத்தில் திருத்தியிருந்தார். அது எங்களுக்கு உதவியது. மஷூர் எங்களுக்கு முன்பே அங்கே வந்து நின்றார். நான் தாளை நீட்டினேன். வாசித்தார். மஷூரைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். மோட்டார் வாகனப் பரிசோதகரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வருவதற்கு மூன்று நாள். மூன்று நாளும் கிளெமென்ற் உள்ளே. வேறு எங்காவது மாற்றிவிடுவார்கள் என்று நானும் மஷூரும் வாசலிலேயே மாறிமாறி நின்றோம்.

பரிசோதகர் தடித்த சிங்கள மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஒரு காதைக் குடைந்தபடி வந்தார். "கழற்று" என்றார். பொலிஸ் முற்றத்தில், நான்கு கொன்ஸ்டபிள்கள் சுற்றி நிற்க, கிளெமென்ற் தானே அச்சைக் கழற்றி வாங்கில் வைத்தான். முறைப்பாட்டுக்காரர் கதிரையில் இருந்தார், நிலாம் எங்களோடு சுவரோரம் நின்றான். பரிசோதகர் அளவுமானியை வைத்தார். ஆறு. திருப்பி வைத்தார். ஆறு. நான்கு இடத்தில் வைத்தார். ஆறு, ஆறு, ஆறு, ஆறு. பிறவுண் உறை போட்ட புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசா எழுதிய தாளை வாசித்தார். ஃபிற்றரின் அபிப்பிராயத்தை ஏற்கவில்லை என்ற வரிக்கு வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பொதே விதியட்ட ஹரியட்டம ஹரி" என்றார். புத்தகத்தில் உள்ளபடி அச்சொட்டாகச் சரி.

"அப்படியென்றால் ஏன் கத்துகிறது?" என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"புத்தகம் புதுப் பல்லுக்கு. இது தேய்ந்த பல். தேய்ந்ததைத் தேய்ந்த அளவில் வைக்க வேண்டும். இந்த ஆள் சொல்லியிருக்கிறான், ஐயா கேட்கவில்லை."

பொறுப்பதிகாரி முறைப்பாட்டை எடுத்தார். மூன்றாம் பந்தியில் விரலை வைத்தார். "அப்படியானால் இது?"

கிளெமென்ற் சிங்களத்தில் சொன்னான். இரண்டு பவுசர், இரண்டு இலக்கம், எழுதித் தரமாட்டேன் என்ற பதில். ஐந்து வருடம் ஒன்பது தடவை சொல்லி ஒருவரும் கேட்காததை இப்போது ஒரு பரிசோதகர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். "சோடி மாற்றினால் உடையும். வேலை பழகுகிறவனுக்கும் அது தெரியும்" என்றார்.

"மாற்றச் சொன்னது நீங்களா?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசா கைலேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எனக்கு ஞாபகமில்லை."

நிலாம் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினான். சாரத்தை முழங்கால் வரை தூக்கினான். "சேருக்கு ஞாபகமில்லாட்டி இதக் கொஞ்சம் பாருங்க. நான் பக்கத்தில நிண்டு கேட்டது. இரும்பு இரும்புதானேண்டு சொன்னீங்க. எண்ட காலும் கால்தானே சேர்?"

 வாங்கில் கிடந்த அச்சிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

பொய் முறைப்பாடு குற்றம், வழக்குப் போடட்டுமா என்று பொறுப்பதிகாரி கிளெமென்றைக் கேட்டார். கேட்டது நீதிக்காக அல்ல, மூன்று நாள் வீணான கோபத்தில். எதற்காகக் கேட்டால் என்ன, கேட்டார்.

"கேஸ் வேணாம் சேர். எழுதட்டும்."

மேசை வந்தது, தாள் வந்தது. பேனை அவரிடமே இரண்டு இருந்தது. கிளெமென்ற் எழும்பி நின்று சொல்லச் சொல்ல ஸ்ரீஸ்கந்தராசா எழுதினார். சோடி மாற்றிப் பூட்டச் சொன்னது நான். ஃபிற்றர் மறுத்தார். எழுத்தில் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இவ்வளவும் எழுதினார். அடுத்ததில் பேனை நின்றது.

"நாசவேலை எண்டு நான் எழுதினது பொய் எண்டு போடுங்க."

"பிழை எண்டு போடலாமே?"

"பொய்."

"தவறுதலாக விளங்கிக்கொண்டதால் எண்டு…"

"பொய் சேர். சின்னச் சொல்தான். பதினாலு மாசம் பிடிக்காது எழுத."

எழுதினார். பட்டியல் வைத்திருப்பவர்கள் வாசிப்பது சிங்களம் என்பதால் ஒரு கொன்ஸ்டபிள் சிங்களத்தில் ஒரு பிரதி எழுத, அதிலும் கையெழுத்து வைத்தார்.  பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றே இங்கே எழுதிவைக்கிறேன்.

அச்சைத் திரும்பப் பூட்ட வேண்டும். பரிசோதகர் நல்லெண்ணத்தில் சொன்னார்: "வளையம் கையில் இருக்கிறதுதானே. பன்னிரண்டில் வைத்துவிடு. மனுசன் போகட்டும்."

கிளெமென்ற் வளையத்தை உதட்டில் வைத்து எடுத்தான். "கடதாசியில ஆறு எண்டுதான் இருக்கு மஹத்தயா." ஆறிலேயே பூட்டினான்.

பிறகு கடிதத்தைக் கோட்டையில் பட்டியல் இருந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எழுதியவரே நேரில் வந்து கொடுத்தால்தான் ஏற்பார்கள் என்று பொறுப்பதிகாரி சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசா பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். கிளெமென்ற் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். நானும் நிலாமும் பின்னால்.

காலி வீதியில் ஏறியதும் அவர் இருபத்தைந்தில் மெல்ல உருட்டினார்.

"முப்பதில வச்சுக்கொள்ளுங்க சேர்" என்றான் கிளெமென்ற். "நேரமாகுது."

முப்பது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் முழுக்க அந்தக் கார் ஊளையிட்டுக்கொண்டு போனது. நடைபாதையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் இறக்கினார்கள், ஒவ்வொரு சாவடியிலும் நாலு பேரும் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றோம். கிளெமென்ற் சளைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறி இருந்து, "முப்பது சேர்" என்றான். பின்னால் என் தொடையில் நிலாம் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

அலுவலகத்தில் கடிதத்தை வாங்கி, பதிந்து, பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

ஓகஸ்ட்டில் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு. விடியக்காலை கதவைத் தட்டினார்கள். கொன்ஸ்டபிள் பட்டியலை விரலால் மேலிருந்து கீழ் வரை பார்த்தான். பிரதியை வாங்கி வாசித்தான். "ஹரி, யன்ன", சரி, போ என்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். நான் இதைக் கேள்விப்பட்டு கராஜுக்குப் போனபோது கிளெமென்ற் ஒரு பஸ்ஸின் அச்சைப் பிரித்துச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தான்.

மஷூர் சொன்னார்: "வெள்ளவத்தைச் சேர் ரெண்டு தரம் ஆள் அனுப்பிட்டார். செஞ்சு குடுத்திரு மனே. முடிஞ்சுதானே எல்லாம். கெழவன் கோயிலுக்கு மட்டும் நடந்து போறாராம், மத்த எடத்துக்கெல்லாம் ஊளையோடதானாம்."

"திருத்தலாம்தானே?" என்று நானும் கேட்டேன்.

"இப்பவெண்டா ஒரு நாள் வேல தோழர். பன்னெண்டில வச்சா பூனைக்குட்டி மாதிரிப் போகும்." சிவப்பு அழிந்த இடத்தைக் கிட்டப் பார்த்தான். "பதினாலு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க."

"அதுக்குள்ள பல்லு புது இடத்தில தேஞ்சு போகுமே. பிறகு ஒருத்தராலும் திருத்தேலாதே?"

"ஓம்" என்றான். "ஒருத்தராலும் ஏலாது."

மஷூர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் சிவப்புப் பொடி டப்பாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.